எச்சி அக்கா சொன்ன குறி

கூலிம் நகரத்தில் முக்கால்வாசிப் பேருடைய வாய் எச்சி அக்காவுக்குத் தெரியும். முகம்தான் ஒன்றுகூட நினைவிருக்காது. கடைத்தெருவில் யாராவது ஓடிவந்து "அக்கா, என்னைத் தெரியலையா?" என்று கையைப் பிடித்தால், கண்ணைப் பார்க்க மாட்டாள். உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்ததும்தான், "ஆங், கீழ்வரிசையில ரெண்டு வெள்ளி அடைப்பு. நல்லாருக்கியா?" என்பாள். நலம் விசாரித்தது பல் அடைப்பையா, ஆளையா என்று கேட்ட எவருக்கும் பதில் கிடைத்ததில்லை.

பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். பல்லை வரிசைப்படுத்தக் கட்டுகிறார்களே, அந்தக் கம்பி செய்யும் இடம். நான் உறை போடும் பிரிவு, அவள் சோதனைக்கூடம். உப்பும் வேறு ஏழெட்டு வெள்ளைப் பொடிகளும் தண்ணீரில் கலந்து, மனிதர் வாயில் ஊறுவது போலவே ஒரு நீர் தயாரிப்பாள். அதில் கம்பியை வாரக்கணக்கில் உடம்புச் சூட்டிலேயே ஊறப்போட்டு, கம்பியிலிருந்து எவ்வளவு உலோகம் நீரில் இறங்கியிருக்கிறது என்று அளப்பாள். தாளில் அதற்குப் பெயர் செயற்கை உமிழ்நீர். எங்களுக்கு எச்சி. அதைக் காய்ச்சுகிறவள் எச்சி அக்கா. சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்தால் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். அவள் வேலையையும் கூட்டிக்கொண்டு வருவாள். நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எல்லாருக்கும் இரவு முறை, அதனால் பகல் முழுக்கக் கறுப்புத் திரைச்சீலை போட்டு வீட்டை இருட்டாக்கி உறங்குவோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒரு சத்தம் மட்டும் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குப் பால் புட்டி சூடாக்கும் பெட்டி ஒன்றை அக்கா அலமாரியில் வைத்திருந்தாள். அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் எங்களில் ஒருத்தியின் பெயர். என் பெயர் போட்ட புட்டியில் என் தோட்டின் திருகாணி ஊறிக்கிடந்தது. ஊறும் நீரும் சும்மா இல்லை, அவரவர் வாயில் காலையில் ஊறிய நீரைத் துப்பச் சொல்லி வாங்கி, அதற்கு ஒத்துவரும்படி அக்கா தனித்தனியாகக் கலந்தது.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போன ஒருத்தியின் புட்டியும் அங்கேயே இருந்தது. "இத ஏன்க்கா வெச்சிருக்கீங்க? அவதான் போயிட்டாளே" என்று கேட்டேன்.

"அவதான் போயிட்டா. வாய் இங்கதான் இருக்கு" என்றாள், சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில். அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க நான் சம்மதிக்கவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் நண்பகலில் என்னவோ உறுத்தி விழித்தேன். என் முகத்துக்கு அரை சாண் மேலே இன்னொரு முகம் கவிழ்ந்திருந்தது. மூக்கு மட்டும் விரிந்து சுருங்கியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா துடைப்பத்தோடு ஓடிவந்துவிட்டார். அக்கா நகரவே இல்லை. "ஏண்டி கத்துற? தூங்குறப்பதான் வாய் வாசம் கலப்படமில்லாம இருக்கும்" என்று விளக்கம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த கட்டில் சுமதியுடையது. சுமதியை முகர்ந்துவிட்டு, "கடவாய்ப் பல்லு அடைப்பு, இன்னும் மூணு நாளு" என்றாள். சுமதி தலையணையை விட்டெறிந்தாள். மூன்றாம் நாள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் நாசி லெமாக் சோற்றில் இருந்த வேர்க்கடலையைக் கடித்தபோது சுமதியின் அடைப்பு டணார் என்று தட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அக்கா எதிரே வந்தால் பெண்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பொய் வராது. மாட்டேன் என்கிற வைராக்கியமெல்லாம் இல்லை, அந்த நரம்பே அவளிடம் கிடையாது. ஆறு வாரம் ஊறவேண்டிய கம்பி ஒன்று முப்பத்தொன்பது நாள்தான் ஊறியிருந்தது. மறுநாள் சோதனைக்கு வெளியாட்கள் வருகிறார்கள்.

"மூணு நாள்தானேலா, நாற்பத்திரண்டுன்னு எழுதிடு" என்று மேற்பார்வையாளர் கெஞ்சினார்.

"முப்பத்தொன்பதுன்னா முப்பத்தொன்பது சார்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"கம்பிக்குத் தெரியும் சார்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். எனக்குப் பல் கோணலே கிடையாது. ஆனால் அந்த நாட்களில் ஊதா ரப்பர் போட்ட கம்பியோடு சிரித்துப் படம் எடுத்துப் போடுவதுதான் அழகு. சுங்கை பட்டாணியில் புருவம் திருத்தும் ஒருத்தி, தன் வீட்டுக் கூடத்தில் சோபாவில் சாயவைத்தே பல்லுக்குக் கம்பி கட்டிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். நாளெல்லாம் நல்ல கம்பியை உறை போட்டு உலகத்துக்கு அனுப்புகிறவள் நான். விடுமுறை நாளில் போய் அவளிடம் வாயைத் திறந்தேன். முட்டாள் என்று நீங்கள் திட்டுவதற்கு முன் நானே திட்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சமையலறையில் இருந்தாள். நான் வாயையே திறக்கவில்லை. அவள் திரும்பாமலே, "யாருடி உள்ள வந்தது? ஆணி வாசம் அடிக்குது" என்றாள்.

"டாக்டர்கிட்டதான்க்கா கட்டினேன்" என்று புளுகினேன்.

பக்கத்தில் வந்து பார்த்தாள். "நல்ல கம்பிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத தோலு ஒண்ணு இருக்கும். அது இருக்கற வரைக்கும் இரும்பு உள்ளயே தூங்கும். நல்ல கம்பியிலயும் துளி இறங்கும், அது ஒண்ணும் செய்யாது. உன்னுதுல தோலே இல்லடி. இப்பவே கரையுது. உன் கம்பிய நீயே முழுங்கிக்கிட்டு இருக்க."

எரிச்சலாக வந்தது. "உங்க வேலையப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பாடாங் செராய்க்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஆடித் திருவிழாவுக்கு விரதம் வேறு இருந்தது. விரதம் முடியும்வரை அங்கிருந்தே நிறுவனப் பேருந்தில் வேலைக்குப் போய் வருவதாக ஏற்பாடு.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா இறந்ததிலிருந்து தோட்டத்துக் கோயிலில் அம்மாவுக்கு இடம் பின்வரிசை. யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் விபூதித் தட்டு அவளிடம் வராது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அவள் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து நின்று, அவள் கடந்ததும் நிமிர்வார்கள். அம்மா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அம்மன் கழுத்தில் சாத்திய எலுமிச்சை மாலையை எங்கள் பக்கம் வீணாக்க மாட்டார்கள். பூசாரி பிரித்துக் கொடுத்த பழங்களை அம்மா செப்புச் சொம்பில் பிழிந்து, உப்புப் போட்டு, இரவெல்லாம் மூடிவைப்பாள். செப்பில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கைப்பேசியில் யாரோ அனுப்பியிருந்தார்கள், சாமி எலுமிச்சை நல்லது என்பது தெரிந்ததே, ஆக இரண்டு நல்லதையும் அம்மா ஒன்றாகக் கலந்துவிட்டாள். விரதம் முடியும்வரை சொம்பைக் கழுவவும் கூடாதாம். தினமும் பழையதின் மேலேயே புதுப்பழம். காலையில் ஒரு வாய் வாங்கி, கற்பூரம் அணையும்வரை விழுங்காமல் வைத்திருந்து, பிறகு விழுங்க வேண்டும்.

நாலைந்து நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. "பாத்தியா, அம்மன் நிறம்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கோ குடித்த உடனே குமட்டும், தலை சுற்றும். உதடு வீங்கி வாயோரம் வெடித்தது. பத்தாம் நாள் காலை கோயில் வாசலில் நின்று கொட்டாவி விட்டேன். அம்மா என் வாயைப் பார்த்து அலறினாள்.

கம்பி சிவந்திருந்தது. ரத்தச் சிவப்பு இல்லை, புதுச் செப்புப் பானையைத் தேய்த்தால் வருமே, அப்படி ஒரு செம்மினுக்கம், மேல்வரிசை முழுக்க. அம்மா அலறியதில் பெண்கள் கூடினார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தலை சுற்றிக் கால் தள்ளாடியது. போதாதா? "ஆத்தா வந்துட்டா! இவ வாயில வந்து குந்திட்டா!" என்று யாரோ கத்த, தேங்காய் உடைந்தது. ஒருத்தி என் காலில் விழுந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. கிடைக்கும் என்று அவர்களே பொருள் சொல்லிக்கொண்டார்கள். நம்பினால் நம்புங்கள், அவனுக்கு மறுநாளே வேலை கிடைத்தது.

பிறகு நடந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. கூட்டத்தில் ஒரு கிழவி விபூதித் தட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். "சாமிய பெத்தவ நீ. நீயே குடு." அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ வருடமாக அவளை ஒதுக்கியவர்கள் எல்லாரும் அவள் முன் நெற்றியைக் காட்டி நின்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா விபூதி ஒட்டியிருந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, கம்பியைக் கழற்றுகிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். அன்று நான் தேருக்கு முன்னால் வாயைத் திறந்து நிற்க வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்துவிட்டது. என் முன்பல் இரண்டும் நாக்குப் பட்டாலே ஆடின. ஈறில் ரத்தம் கசிந்தது. வேலையிடத்தில் முகமூடி போட்டுக்கொண்டு எச்சி அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன். வெள்ளிக்கிழமை கழிப்பறை வாசலில் பிடித்துவிட்டாள். முகமூடியை இறக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"என்னடி குடிக்கற?"

சொம்பு, எலுமிச்சை, சிவப்பு என்று அழுதுகொண்டே சொன்னேன். கழற்ற முடியாது, திருவிழாவரை இருக்க வேண்டும் என்றேன். அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"திருவிழா வரைக்கும் உன் பல்லு இருக்காது" என்றாள். மூன்று நாளில் அடைப்பு விழும் என்று சொன்ன அதே குரல்.

மறுநாள் சனிக்கிழமை காலை, அக்கா தன் வாழ்நாளில் முதல்முறையாக விடுப்பு எடுத்தாள். மோட்டார் சைக்கிளில் பாடாங் செராய் வந்து, நேரே கோயில் வாசலில் இறங்கினாள். அங்கே இருபது பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "சொம்பு யாரு கையில?" என்று கேட்டு, அம்மாவிடமிருந்து வாங்கி, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றினாள். பச்சை நீர். பையிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்து அதில் போட்டாள். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேப்பமரத்தில் இலைகூட அசையவில்லை.

சில நிமிடத்தில் ஆணி சிவந்தது. என் வாயில் இருந்த அதே சிவப்பு.

அடுத்து ஒரு கம்பித்துண்டை எடுத்தாள். எங்கள் தொழிற்சாலையின் வெட்டுத்துண்டு, அந்த இரண்டு அங்குலத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். போட்டாள். அது வெள்ளையாகவே கிடந்தது. "பாத்தீங்களா? தண்ணியில செம்பு கரைஞ்சிருக்கு. வெறும் இரும்பு பட்டா அது மேல ஏறும். பல்லுக்குக் கட்டற நல்ல கம்பியில ஏறாது. இந்தப் பொண்ணு வாயில இருக்கறது வேலிக்கம்பி. சாமி இல்ல."

எல்லாரும் குனிந்து ஆணியையே பார்த்தார்கள். "ஆணிக்கும் ஆத்தா வந்துட்டாடீ!" என்று ஒருத்தி வீறிட்டாள்.

அவ்வளவுதான். தங்கள் லயத்து வீடுகளுக்கு ஓடினார்கள். பூட்டு, அரிவாள், ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி, தையல் எந்திரத்தின் திருகு என்று கைக்குக் கிடைத்த இரும்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். முக்கினால் சிவந்தது. குலவை போட்டார்கள். ஒருத்தியின் கொண்டை ஊசி மட்டும் வர்ணம் பூசியது, சிவக்கவில்லை. அவள் தான் செய்த பாவமெல்லாம் சொல்லி அழுதாள். நல்ல கம்பியை ஒரு கிழவி குச்சியால் தள்ளி, "அது கிலாங் கம்பி, தொழிற்சாலையில செஞ்சது, அதுல சாமி எறங்காது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

எச்சி அக்கா குவளையைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். உண்மையைச் சொல்லியும் ஒருவர்கூடக் கேட்காத இடத்தில் அவள் அதுவரை நின்றதில்லை. என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து மோவாயில் ஒரு சொட்டு ரத்தம் இறங்கியது.

அவள் கையிலிருந்த குவளை விழுந்து உடைந்தது. தலை முன்னால் தொங்கியது. எப்போதும் இறுக்கி முடிந்திருக்கும் கொண்டை தானாக அவிழ்ந்து முகத்தை மூடியது. பிறகு ஒரு குரல் வந்தது. அக்காவின் குரலை மூன்று வருடமாகக் கேட்டவள் நான். இது அது இல்லை. வயதான, கனத்த, அடிவயிற்றிலிருந்து வந்த குரல்.

"எவடி என் பிள்ளை வாயில இரும்ப வெச்சது?"

குலவை பாதியில் நின்றது. கோயில் நாய் வாலை மடித்துக்கொண்டு எழுந்து போனது.

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கழட்டணும். டாக்டர் கையால கழட்டணும். பெத்தவ பக்கத்துல இருக்கணும்." தலை மெல்லத் திரும்பியது. முடிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தது. "பின்னால நின்னது போதும். இனிமே என் வாசல்ல இவ கையாலதான் திருநீறு. இவ எதிர்ல வந்தா குனியறவளுக வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா முடியை ஒதுக்கி முடிந்துகொண்டாள். கண்ணைக் கசக்கினாள். பழைய குரலில், "குடிக்கத் தண்ணி குடுங்கம்மா. செப்புச் சொம்புல வேணாம்" என்றாள்.

அன்று மதியமே பல் மருத்துவமனையில் கம்பி கழன்றது. டாக்டரம்மா அரை மணி நேரம் வேலை செய்தார், முக்கால் மணி நேரம் திட்டினார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முன்பல் இரண்டும் போயிருக்கும் என்றார். அம்மா என் கையை விடவே இல்லை. திருவிழா அன்று நான் வெறும் வாயோடு கூட்டத்தில் நின்றேன். அம்மா முன்னால் நின்று திருநீறு கொடுத்தாள். இன்றுவரை அவள்தான் கொடுக்கிறாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் அக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். "சனிக்கிழமை அசத்திட்டீங்கக்கா. என்னா நடிப்பு!"

"என்னா நடிப்பு? ஆணியப் போட்டேன். கம்பியப் போட்டேன். அப்புறம் தலை சுத்திருச்சு, காலையில பசியாறாம வந்துட்டேன்." ரொட்டியைப் பிய்த்தாள். "பல்லு ஆடுதா இன்னும்?"

"எங்கம்மா பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்கம்மாவுக்கு என்ன?" என்றாள். அப்போதும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் என் அம்மா கதை தெரிந்தவள் சுமதிதான், அவளைக் கேட்டேன். தான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். சுமதியின் சத்தியத்தை நம்பலாமா என்பது வேறு கதை. அக்கா இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு பாலிங் போனாள். அதுவரை எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்டும் அதே பதில்தான்.

அன்று அந்த வாசலில் நிஜமாகவே யாரோ வந்து பேசியிருக்கலாம். நினைத்தால் பட்டப்பகலில்கூட எனக்குக் கை சில்லிடுகிறது. இல்லையென்றால், மூன்று நாளைக்கூடக் கூட்டி எழுதத் தெரியாத ஒருத்தி எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும், அதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் இன்னொரு பொய்யைச் சுமந்திருக்க வேண்டும். வந்தது ஆத்தாதான் என்கிறாள் அம்மா, அவளிடம் நான் வாதாடுவதில்லை. எனக்கு மட்டும் அது எச்சி அக்காவாகவே இருக்கட்டும். ஆத்தா எல்லாருக்கும் வருவாள், அக்கா எனக்காக வந்தாள்.